மரத்திற்கும் ஓய்வு உண்டு

சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்குக் கரையோரம், கோல சிலாங்கூர் மாவட்டத்தில், சுங்கை செம்பிலாங் என்றோர் ஊர் உண்டு. செம்பிலாங் என்பது மலாய் மொழியில் கெளிற்றினத்தைச் சேர்ந்த ஒரு மீனின் பெயர். கடற்காற்றும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த நிலப்பகுதி அது. அதே மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயா என்று இன்று வழங்கும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் என்னும் தமிழ்ப்பெயர் தாங்கிய தோட்டம் இருக்கின்றது. மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனை நடவு 1917ஆம் ஆண்டில் அங்கேதான் நடைபெற்றது. அதுவரை இந்நாட்டில் அழகுக்காக வளர்க்கப்பட்ட மரமாகவே செம்பனை இருந்தது. அதனைப் பயிராக்கத் துணிந்தவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்வை நாவலாக்கி 1930இல் கொங்கூர் பரிசு பெற்றவரும் அவரே. துணிவு அவருடையது, காட்டை அழித்து மண்ணை வெட்டிய கைகளோ தொழிலாளருடையவை.

இன்று அந்தத் தோட்டப்புறங்களில் வேறொரு பயிரும் விளைகின்றது. தைப்பொங்கல் நாளில் மாணவர் ஒருவர் கைப்பேசியை எடுத்துத் தம் ஆசிரியருக்குத் தமிழ் எழுத்திலேயே வாழ்த்து எழுதி அனுப்புகின்றார். எழுதுவதற்கு அரை நிமிடம். சென்று சேர்வதற்கு ஒரு நொடி. அந்த எழுத்து அக்கருவிக்குள் எவ்வாறு வந்தது என்று அவர் வினவுவதில்லை. குழாயைத் திறந்தால் நீர் வருவதுபோலத் தொட்டால் தமிழ் வருகின்றது என்பது அவர் எண்ணம். ஆனால், எந்த நீரும் தானாகக் குழாய்க்குள் வந்துவிடுவதில்லை. எங்கோ ஒருவர் கால்வாய் வெட்டியிருக்க வேண்டும். அவ்வாறு கால்வாய் வெட்டுவோருள் ஒருவகையினர் தனிநிலைச் செயலி உருவாக்குநர்கள். அவர்களுடைய திட்டங்கள், உடல்நலம், குறிக்கோள்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன, எங்கே ஒன்றையொன்று முறிக்கின்றன என்பது தமிழ் கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

தனி ஒருவரின் தொழில்

செயலி என்பது கணினியிலோ கைப்பேசியிலோ ஒரு குறிப்பிட்ட பணியைச் செய்து தரும் மென்பொருள். பெருநிறுவனங்களில் அதனை உருவாக்கப் பலர் உளர். வடிவமைப்பவர் ஒருவர், நிரல் எழுதுபவர் ஒருவர், பிழை தேடுபவர் ஒருவர், விற்பவர் ஒருவர், பயனர் கடிதங்களுக்கு மறுமொழி கூறுபவர் ஒருவர் எனப் பணி பிரிந்துகிடக்கும். தனிநிலை உருவாக்குநரோ இத்தனையையும் தாமே செய்கின்றார். முற்காலத்தில் சிற்றிதழ் நடத்திய எழுத்தாளரை அவருக்கு ஒப்பிடலாம். கதை எழுதியவரும் அவர். அச்சுக்கோத்ததைத் திருத்தியவரும் அவர். தாள் வாங்கக் கடன் கேட்டவரும் அவர். அஞ்சல்தலை ஒட்டியவரும் அவரே.

2008ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையைத் திறந்தபோது அதில் ஏறத்தாழ 500 செயலிகளே இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்டிராய்டுக் கருவிகளுக்கான கடையும் திறந்தது. அன்றுமுதல், ஒரு சிற்றூரில் அமர்ந்திருக்கும் ஒருவரும் தம் படைப்பை உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம் என்ற நிலை உருவாயிற்று. இது பெரும்பேறு. அதே வேளையில், உலகின் எந்த மூலையிலிருந்தும் எந்த நேரத்திலும் முறையீடு வந்து சேரும் என்ற நிலையும் உடன்பிறந்தது. கோலாலம்பூரில் நள்ளிரவு என்றால் கனடாவில் நண்பகல். பயனர் விழித்திருக்கும் போதெல்லாம் உருவாக்குநரும் விழித்திருக்க வேண்டுமா என்பதே இத்தொழிலின் முதற் சிக்கல்.

முரசு ஒலித்த கதை

இத்தகைய தனிமுயற்சிக்கு மலேசியத் தமிழர் வேறெங்கும் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறன் சிலாங்கூரின் கேரித் தீவைச் சேர்ந்தவர். மலேசிய மண்ணில் 1887 முதல் நூறாண்டுக் காலம் விளைந்த தமிழ்க் கவிதைகளைத் தேடித் திரட்டி, ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் பெருநூலாக 1997இல் வெளியிட்டவர். அவர்தம் மகன் முத்தெழிலன். உலகம் அவரை முத்து நெடுமாறன் என்று அறியும். தந்தை எழுதப்பட்ட தமிழைத் திரட்டினார். மகன் இனி எழுதப்படவேண்டிய தமிழுக்கு வழி அமைத்தார்.

1985ஆம் ஆண்டு முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கணினி என்பது ஆங்கிலம் மட்டுமே அறிந்த பொறி என்று பலரும் எண்ணிய காலம் அது. தமிழை அதன் திரையில் காட்டுவதே அரிது. தமிழில் 247 எழுத்துகள். விசைப்பலகையிலோ ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கான இடம். எந்த விசைக்கு எந்த எழுத்து, எந்த எழுத்துக்கு எந்த எண் என்பனவற்றை முன்னோடிகள் ஒவ்வொருவரும் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் விளைவாக இன்னொரு தொல்லை எழுந்தது. ஒருவர் ஒரு மென்பொருளில் எழுதி அனுப்பியதை மற்றொருவர் வேறொரு மென்பொருளில் திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தோன்றின. தமிழர் ஒரே மொழியில் எழுதினர். ஆயினும் அவர்தம் கணினிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவில்லை.

அத்தொல்லையைத் தீர்க்கத் தனி ஒருவரால் இயலாது; பலர் கூட வேண்டியிருந்தது. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. 1999ஆம் ஆண்டு மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை அமைப்பு வந்தது. 2000ஆம் ஆண்டில் ‘உத்தமம்’ என்று அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. இறுதியில் உலகமொழிகள் அனைத்திற்கும் பொதுவாக அமைந்த யூனிகோடு முறையில் தமிழ் நிலைபெற்றது. அதில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி 128 இடங்கள் கொண்டது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. மெய்க்குரிய வடிவமும் உயிர்க்குறியும் சேர்ந்தே உயிர்மெய் உருவாகின்றது. சான்றாக, ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி தன் நினைவில் ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அடுத்தும் வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டும்போதோ ஒற்றைக்கொம்பை முன்னும் துணைக்காலைப் பின்னும் இட வேண்டும். கையால் எழுதும் குழந்தை இயல்பாகச் செய்வதைக் கருவிக்குக் கற்பிக்க ஒருவர் பல இரவுகள் உழைக்க வேண்டும்.

கணினிக்கு அடுத்துக் கைப்பேசி வந்தது. 2005ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் ‘செல்லினம்’ சிங்கப்பூரில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. எண்கள் மட்டுமே பொறித்த சிறு விசைகளும் மிகக் குறைந்த நினைவகமும் கொண்ட கைப்பேசிகளின் காலம் அது. யூனிகோடு முறையில் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தியில் 70 இடங்களே உண்டு, ஆங்கிலத்திற்கோ 160. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லே அங்கு ஐந்து இடம் கொள்ளும். இத்தகைய நெருக்கடிக்குள்ளும் தமிழ் கைப்பேசியில் ஏறியது. பின்னர்த் திறன்பேசிகள் வந்தபோது செல்லினமும் அவற்றிற்கேற்ப மாறியது.

முத்து நெடுமாறன் வடிவமைத்த எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்றுள்ளன. தமிழ் மட்டுமன்றி மலையாளம், சிங்களம், கெமர், இலாவோ, பர்மியம் முதலான எழுத்துமுறைகளுக்கும் அவர் உருக்கொடுத்துள்ளார். அக்கருவிகளின் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பார்ப்போர், ‘சங்கம்’ என்னும் பெயரையடுத்து ‘எம்.என்.’ என்ற இரண்டு எழுத்துகளைக் காணலாம். அவை முத்து நெடுமாறன் என்னும் பெயரின் முதலெழுத்துகள். தோட்டப்புறத் தமிழ் மரபில் வந்த ஒருவரின் பெயர், அவரை ஒருபோதும் அறியாத கோடிக்கணக்கானோரின் கைகளில் இருக்கின்றது. 1985இல் தொடங்கிய ஒரு முயற்சி நாற்பதாண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்பது இத்துறையில் அரிதினும் அரிது.

செயலியின் ஆயுள்

ஏன் அரிது? ஏட்டுச்சுவடியை எழுதியவர் மறைந்து நூறு ஆண்டு கழிந்தாலும் சுவடி படிக்கப்படும். அச்சு நூலும் அவ்வாறே. செயலியின் இயல்பு வேறு. அது நிற்கும் தரை அசைந்துகொண்டே இருக்கின்றது. கருவியின் அடிப்படை மென்பொருள் ஆண்டுதோறும் மாறும். அதற்கேற்பச் செயலியும் திருத்தப்பட வேண்டும். 2017இல் ஆப்பிள் கைப்பேசிகளின் அடிப்படை மென்பொருள் 32 இருமவெண் முறையில் அமைந்த பழைய செயலிகளைக் கைவிட்டது. திருத்துவதற்கு ஆளில்லாத செயலிகள் அன்றோடு நின்றன. அவற்றுள் பிழை ஏதும் இல்லை. உரியவர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே, தனிநிலை உருவாக்குநர் ஒரு செயலியை வெளியிடும் நாள் பணி முடியும் நாளன்று. கடமை தொடங்கும் நாள். பத்துச் செயலிகளைத் தொடங்கியவருக்குப் பத்துக் கடமைகள். ஒவ்வொரு புதிய எண்ணமும் விதையாகத் தோன்றும்போது இனிக்கின்றது. மரமாகி நிற்கும்போது நீர் கேட்கின்றது. இளைஞர் பலர் இதனை அறியாமல் ஆண்டுக்கு ஐந்து திட்டங்களை அறிவிக்கின்றனர். பகலில் ஊதியத்திற்கு ஒரு வேலை, இரவில் தமிழுக்கு ஒரு வேலை என்று வாழ்வை இரண்டாகப் பிளக்கின்றனர். இரண்டிற்கும் இடையே மறைந்துபோவது உறக்கம். உறக்கத்தைத் தொடர்ந்து மறைவது உடல்நலம்.

மரமும் மனிதரும்

உடல்நலம் பற்றிய பாடத்தை இம்மாநிலத் தோட்டங்கள் முன்பே கற்பித்திருக்கின்றன. செம்பனை பரவுவதற்கு முன் ரப்பரே இங்கு அரசு செலுத்தியது. பால்மரம் வெட்டும் தொழிலாளர் விடியுமுன்னே உளியோடு புறப்படுவர். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். மரத்தின் சுற்றளவில் பாதிக்குச் சாய்வாக ஒரு கோடு. அதில் ஒரு மில்லிமீட்டரினும் சற்றே கனமான பட்டை மட்டும் சீவப்பட வேண்டும். ஆழம் மிகுந்து உள்மரத்தில் காயம் பட்டால், அவ்விடத்தில் பட்டை மீண்டும் சீராக வளராது. எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு விதி உண்டு. இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டலாகாது. ஒருநாள் விட்டு ஒருநாளே வெட்ட வேண்டும். பேராசையால் நாள்தோறும் வெட்டினால் சில காலம் மிகுதியாகப் பால் கிடைக்கும்; பிறகு பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அளவறிந்து வெட்டிய மரமோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் பயன்தரும்.

இவ்விதியின் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஓய்வு மரத்திற்கே தரப்பட்டது. வெட்டியவருக்கு மறுநாள் தோட்டத்தின் வேறொரு பகுதி காத்திருந்தது. மரம் முதலீடு, ஆதலால் அதன் வலிமை கணக்கிடப்பட்டது. மனிதரின் வலிமை அவ்வாறு கணக்கிடப்படவில்லை. தனிநிலை உருவாக்குநரின் நிலை இதனினும் வியப்புக்குரியது. மரமும் அவரே, உளி ஏந்தியவரும் அவரே, தோட்ட நிருவாகியும் அவரே. தம்மையே நாள்தோறும் வெட்டிக்கொள்ளும் ஒருவரைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை, எந்தச் சங்கமும் இல்லை.

உலக நலவாழ்வு நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் இணைந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதய நாள நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்பது அதன் முடிவு. பகலில் 40 மணி நேர ஊதியப் பணியும் இரவுதோறும் மூன்று மணி நேரச் செயலிப் பணியும் செய்யும் ஒருவர், வாரம் 60 மணி நேரத்தைத் தாண்டிவிடுகின்றார். தாம் விரும்பிச் செய்யும் வேலை ஆதலால் அது தம் உடலை வருத்தாது என்று அவர் நம்புகின்றார். விருப்பம் மனத்திற்குத் தெரியும்; இரத்த நாளத்திற்குத் தெரியாது.

மலேசியத் தமிழர் இதில் கூடுதலாக விழிப்போடு இருக்கக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அந்த விகிதம் பிற இனத்தாரைவிட மிகுதி. அமர்ந்தே செய்யும் தொழிலும், நள்ளிரவில் உண்ணும் உணவும், இனிப்புக் கூடிய தேநீரும் இந்நோய்க்கு வாசலைத் திறந்துவிடுகின்றன. கண்ணின் நிலையும் அத்தகையதே. திரையை உற்று நோக்குவோர் இமைப்பது குறைகின்றது. அதனால் கண் உலர்ந்து எரிகின்றது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடித் தொலைவில் உள்ள பொருளை 20 நொடி பார்த்தல் நன்று என்பர் கண் மருத்துவர். வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை; நாளொன்றுக்கு அது 22 நிமிட விரைநடை. தோட்டத்துச் சிவப்புமண் சாலையில் ஒருமுறை சென்று திரும்பினாலே அக்கணக்கு நிறைவேறிவிடும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் மருந்தின் பெயர்களைவிட உண்ணும் அளவையே பெரிதும் பேசினார். ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில், மென்மையான மயிலிறகேயானாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வைத்தார். செயலி உருவாக்குநர் ஏற்றுவதும் மயிலிறகுகளே. இன்னும் ஒரு சிறு திருத்தம், இன்னும் ஒரு சிறு வசதி, இன்னும் ஒரு மறுமடல் என்று ஒவ்வொன்றும் எடையற்றது. அச்சு முறியும் நாளில் எந்த இறகு முறித்தது என்று எவராலும் சுட்ட இயலாது.

இழப்புகள் சொல்லும் செய்தி

சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளைத் தந்தவர். 1997ஆம் ஆண்டு மாநாட்டின் பின்னே நின்று உழைத்தவர். இணையத்தில் தமிழ் கால்பதித்த தொடக்க நாள்களில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஐம்பதைச் சற்றே கடந்த அகவையில் 1999இல் அவர் மறைந்தார். தமிழ்நாட்டின் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி, ‘தேனீ’ எனும் எழுத்துருவையும் தமிழ் எழுதுவதற்கான பல கருவிகளையும் உருவாக்கி அனைவருக்கும் விலையின்றி வழங்கினார். 1953இல் பிறந்த அவர் 2006ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் மறைந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 53.

இவர்கள் மறைவுக்கு உழைப்பே காரணம் என்று கூறுவது முறையன்று. உயிரின் கணக்கு எவர்க்கும் எளிதில் விளங்குவதன்று. ஆனால், ஓர் உண்மையை மறுக்க இயலாது. தமிழ்க் கணிமையின் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணத்தக்க தனிமனிதரின் தோள்மீது நின்றது. அத்தோள்களுள் ஒன்று சாயும்போது ஒரு குடும்பம் மட்டும் துயருறுவதில்லை. ஒரு மொழியின் கருவியும் ஆதரவற்றுப் போகின்றது.

தமிழ்ச் சமுதாயம் தன்னை எரித்துக்கொண்டு ஒளி தருபவரைப் போற்றி வந்துள்ளது. ஆசிரியரை மெழுகுவத்தி என்று கூறாத பள்ளி விழா இல்லை. அந்த உவமை மறுஆய்வுக்கு உரியது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். குறுந்தொகையைப் பதிப்பித்தது 1937இல். இடையே ஐம்பது ஆண்டுகள். குறுந்தொகை வெளிவந்தபோது அவருக்கு அகவை 82. நாற்பது வயதிலேயே அவர் தம்மை எரித்துத் தீர்த்திருந்தால், அந்தப் பதிப்பை அவர் கையால் தமிழ் பெற்றிருக்காது. அவருடைய தொண்டில் அவர் வாழ்ந்த ஆண்டுகளுக்கும் பங்குண்டு. நெடுநாள் வாழ்வதும் தொண்டின் ஒரு பகுதியே.

குறிக்கோளும் வரம்பும்

உலக அரங்கிலிருந்து இருவரை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு நூத் தம் நூல் அழகுற அச்சாக வேண்டும் என்பதற்காக 1970களின் பிற்பகுதியில் ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தொடங்கினார். விரைவில் முடியும் என்று எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. அதன்பின் அவர் ஒரு முடிவெடுத்தார். இனி அதில் புதிய வசதிகள் சேரா. பிழைகள் மட்டும் திருத்தப்படும். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அதன் பதிப்பெண் 3.1, 3.14, 3.141 என வட்டக்கணிதத்தின் பை என்னும் எண்ணை நோக்கி நகரும். தம் மறைவோடு அவ்வெண் நிலைபெற்றுவிடும் என்று அறிவித்தார். 1990 சனவரி முதல் நாளோடு மின்னஞ்சல் பயன்படுத்துவதையும் நிறுத்திக்கொண்டார். அவர்தம் வாழ்நாட் குறிக்கோளாகிய நூல்வரிசையின் முதல் தொகுதி 1968இல் வெளிவந்தது. நான்காம் தொகுதியின் இரண்டாம் பகுதி 2022இல் வெளிவந்தது. எதைச் செய்யப்போவதில்லை என்று தெளிந்தமையால் எதைச் செய்ய வேண்டுமோ அதற்கு அவருக்குக் காலம் கிடைத்தது.

மற்றவர் நெதர்லாந்து நாட்டின் பிராம் மூலனார். அவர் 1991இல் வெளியிட்ட ‘விம்’ என்னும் எழுதுகருவி உலகெங்கும் நிரலாளரால் பயன்படுத்தப்படுவது. அதற்கு அவர் விலை கேட்கவில்லை. மனமுள்ளோர் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுமாறு வேண்டினார். 2023 ஆகஸ்டு 3ஆம் நாள் அவர் மறைந்தார். விம் மறையவில்லை. அதன் நிரல் அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டிருந்தது, உடனுழைத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் பணியை ஏற்றுத் தொடர்ந்தனர்.

இவ்விருவர் வாழ்விலிருந்தும் இளைஞருக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. குறிக்கோள் வேறு, ஆசை வேறு. ‘தமிழுக்கு ஏதேனும் செய்ய வேண்டும்’ என்பது ஆசை. ‘ஆறாம் ஆண்டு மாணவர் இணைமொழிகளைக் கற்க ஒரு செயலி, அதில் ஐம்பது இணைமொழிகள், அடுத்த சித்திரைக்குள் முடிவு’ என்பது குறிக்கோள். குறிக்கோளுக்கு எல்லை உண்டு. முடிந்தது என்று கூறத்தக்க ஒரு நாள் உண்டு. அந்த நாளைக் குறிக்காதவர் எந்நாளும் ஓய்வு பெறார். உடல்நலக் குறிக்கோளும் அவ்வாறே எண்ணால் குறிக்கப்பட வேண்டும். ஏழு மணி நேர உறக்கம், நாள்தோறும் அரைமணி நடை, ஆண்டுக்கொருமுறை இரத்த ஆய்வு ஆகிய மூன்றும் திட்ட அட்டவணையின் முதல் வரிசையில் நிற்கத் தக்கவை. கடைசி வரிசையில் எழுதப்பட்ட நலம் ஒருநாளும் நிறைவேறியதில்லை.

சமுதாயத்தின் பங்கு

உருவாக்குநருக்கு மட்டுமே அறிவுரை கூறி அமைவது நேர்மையாகாது. பயன்படுத்துவோர்க்கும் கடமை உண்டு. விலையின்றிக் கிடைக்கும் தமிழ்ச் செயலியில் ஒரு பிழை கண்டவுடன் சினந்து எழுதுவோர் பலர். பிழை எங்கே, எப்பொழுது தோன்றியது என்று பொறுமையோடு விளக்கி எழுதுவோர் சிலர். பின்னவரின் ஒரு மடல் உருவாக்குநரின் ஓர் இரவை மீட்டுத் தருகின்றது. சில வெள்ளி விலை வைத்தால், தமிழுக்கும் விலையா என்று வினவுவோர் உளர். நூலுக்கு விலை கொடுப்பது தமிழை விற்பதாகாது எனின், செயலிக்கு விலை கொடுப்பதும் ஆகாது.

பள்ளிகளுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்களுக்கே எந்தச் சொல்லில் மாணவர் தடுமாறுகின்றனர், எந்தச் சந்தி விதியில் பிழை விடுகின்றனர் என்பது தெரியும். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு அது தெரியாது. அறிந்தவரும் செய்பவரும் கூடினால் ஒருவர் சுமை இருவர் சுமையாகக் குறையும். சொற்பட்டியல் திரட்டுதல், ஒலிப்பதிவு செய்தல், எழுத்துப்பிழை பார்த்தல், சோதித்துக் கூறுதல் ஆகிய பணிகளுக்கு நிரலறிவு தேவையில்லை. தமிழறிவும் பொறுப்புணர்வும் போதும். உயர்நிலைப்பள்ளி மாணவர் குழுவொன்று ஆண்டுக்கு ஒரு செயலிக்கேனும் இவ்வாறு துணைநின்றால், அக்குழுவிலிருந்தே நாளைய உருவாக்குநர் ஒருவர் தோன்றுவார்.

வாய்ப்புள்ள இடங்களில் நிரலைத் திறந்து வைத்தலும், குறிப்புகளைத் தெளிவாக எழுதி வைத்தலும், ஒருவருக்கேனும் பணியைக் கற்பித்து வைத்தலும் உருவாக்குநரின் கடமைகளுள் சேர்க்கப்பட வேண்டும். இவை மரணத்தை எண்ணி அஞ்சிச் செய்யும் ஏற்பாடுகள் அல்ல. காய்ச்சலில் ஒரு வாரம் படுக்கவும், குழந்தையோடு ஒரு மாலை கடற்கரைக்குச் செல்லவும், மனச்சுமையின்றி உறங்கவும் உரிமை தரும் ஏற்பாடுகள் இவை. தம்மை அன்றி வேறெவராலும் இயங்காத ஒன்றைக் கட்டியவர், தம் கட்டடத்திற்குத் தாமே கைதியாகின்றார்.

கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் ரப்பர் போயிற்று, செம்பனை வந்தது. கணினி உலகிலும் மேசைக்கணினி போய்க் கைப்பேசி வந்தது. அதற்கு அடுத்தும் ஒன்று வரும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தமிழை அடுத்த கருவிக்குள் ஏற்றிவைக்க ஒருவர் வேண்டியிருப்பார். அவர் சுங்கை செம்பிலாங்கில் இன்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவராகவும் இருக்கலாம். அவருக்குத் தமிழும் கணக்கும் நிரலும் கற்பிக்கும் ஆசிரியர், அவற்றோடு அளவறிந்து உழைக்கவும் நேரத்தில் உறங்கவும் கற்பிக்க வேண்டும். அவர் அறுபது அகவையிலும் நலத்தோடு அமர்ந்து தம் செயலியில் ஒரு பிழையைத் திருத்துவார் எனின், அன்று தமிழ் பெறும் பயன் இன்று அவர் இழக்கும் நூறு இரவுகளைவிடப் பெரிது.